பலாலிக்கு ஏன் சிறிய விமானமே வருகிறது?

கேள்வி இதுதான்: பலாலி விமானத் தளத்துக்கு யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் சூட்டி ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால் வெளிநாட்டு விமானம் என்றால் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் சிறிய விசிறி விமானம் மட்டுமே. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ நேரே வந்து இறங்க ஏன் முடியவில்லை? அந்த நிலையத்தைக் கட்டியவர்கள் யார்? இடையில் அதற்கு என்ன ஆனது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டன் விமானம் பலாலிக்கு இப்போதைக்கு வராது. அதை நான் ஒரு குறையாகவும் எண்ணவில்லை. பொதுமக்களுக்கான நிலையமாகப் பலாலி தொடங்கியதே பாக்கு நீரிணையைத் தாண்டும் குறுகிய பயணத்துக்காகத்தான். அந்தப் பயணம் நாள் தவறாமல் நடந்த காலங்களில் அது உயிருள்ள விமான நிலையமாக இருந்தது. அது அறுந்த காலங்களில் படைமுகாமாகச் சுருங்கிப்போனது.

வரைபடத்தை எடுத்து வான்வழித் தூரத்தை அளந்து பாருங்கள். பலாலியிலிருந்து திருச்சி ஏறத்தாழ 185 கிலோமீற்றர். மதுரை 215 அளவில் வரும். கட்டுநாயக்க 290 கிலோமீற்றர். சென்னை சுமார் 355. அதாவது, நாட்டின் பிரதான விமான நிலையத்தைவிடத் திருச்சியும் மதுரையும் யாழ்ப்பாணத்துக்கு அருகில் இருக்கின்றன. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பலாலியின் வரலாற்றில் பாதி தானாக விளங்கிவிடும்.

நிலையத்தைக் கட்டியவர்கள் பிரித்தானிய விமானப்படையினர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. இந்தியப் பெருங்கடலைக் காக்க இலங்கை முழுவதும் விமானத் தளங்கள் தேவைப்பட்ட அந்தப் போர்க்காலத்தில் அமைந்தவற்றில் ஒன்றுதான் பலாலி. காங்கேசன்துறைத் துறைமுகம் பக்கத்தில் இருந்தது. நிலமும் வாய்ப்பாக இருந்தது: சுண்ணக்கல்லின் மேல் படிந்த செம்மண், மேடு பள்ளம் இல்லாத சமவெளி. ஓடுபாதை போடுவதற்கு இதைவிட நல்ல நிலம் குடாநாட்டில் கிடைக்காது. பயிர் செய்வதற்கும் இதைவிட நல்ல நிலம் கிடைக்காது என்பதை இங்கேயே குறித்துவைக்கிறேன். பின்னால் வந்த துயரத்தின் வேர் அதில்தான் இருக்கிறது.

ஓடுபாதையின் திசையைக் கவனியுங்கள். அதன் எண்கள் 05, 23. ஒரு முனையிலிருந்து பார்த்தால் வடகிழக்கே 50 பாகை, மறுமுனையிலிருந்து பார்த்தால் தென்மேற்கே 230 பாகை என்பது அதன் பொருள். விமானம் எப்போதும் எதிர்காற்றில் ஏறவும் இறங்கவுமே விரும்பும். குடாநாட்டில் ஆண்டின் நடுப்பகுதியில் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. ஆண்டின் கடைசியில் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. இரண்டு காற்றும் ஓடுபாதையின் நீளவாக்கிலேயே வருகின்றன. மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்துவைத்திருந்த காற்றின் வழியிலேயே அந்தத் தார்ப்பாதையும் கிடக்கிறது.

போர் முடிந்ததும் தளம் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. நாடு சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம்கூட இல்லாத நேரம் அது. 'சீதா தேவி' என்று பெயரிட்ட டக்கோட்டா விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை நிலையம் என்று அப்போது வழங்கிய பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனது. இலங்கையின் தேசிய விமான சேவை பறந்த முதல் பாதையே யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைதான். 2019இல் நிலையத்தைத் திறந்தபோது அதைப் புதிய முயற்சி என்று பலர் எழுதினார்கள். உண்மையில் அது எழுபது ஆண்டுக்கு மேல் பழைய பாதையை மறுபடி திறந்த வேலை.

அடுத்த முப்பது ஆண்டுகள் பலாலியின் நல்ல காலம். டக்கோட்டாவுக்குப் பிறகு அறுபதுகளில் அவ்ரோ 748 வந்தது. கொழும்புக்கு உள்நாட்டுச் சேவையும், சென்னைக்கும் திருச்சிக்கும் கடல்தாண்டும் சேவையும் நடந்தன. காலையில் திருச்சிக்குப் போய்க் கல்யாணப் புடவை எடுத்துவந்த கதைகளை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிதம்பரத்துக்கும் திருச்செந்தூருக்கும் நேர்த்திக்கடன் தீர்க்கப் போனவர்கள், தமிழகத்தில் படித்த மாணவர்கள், வியாபாரிகள் என்று அந்தச் சேவைக்கு நிரந்தரமான பயணிகள் இருந்தார்கள். எல்லாமே சிறிய விமானங்கள். சிறியவை என்று யாரும் அப்போது குறைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வீழ்ச்சி 1978இல் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் நின்றிருந்த எயார் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் அழிந்தது. புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாள். பயணிகள் இறங்கிவிட்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஏற்கனவே நொடிந்திருந்த எயார் சிலோன் அதன்பின் மூடப்பட்டு, 1979இல் எயார் லங்கா உருவானது. அது கட்டுநாயக்கவை மையமாக வைத்துத் தூர தேசங்களுக்குப் பறக்க எண்ணிய நிறுவனம். எண்பதுகளில் போர் மூண்டபோது பலாலி முற்றாகப் படையினரின் தளமாக மாறியது. 1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப்படை வந்திறங்கியதும் இந்த ஓடுபாதையில்தான்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். பலாலி, மயிலிட்டி, வசாவிளான், தையிட்டி, ஊறணி, கட்டுவன், குரும்பசிட்டி என்று செம்மண் தோட்டங்களும் மீன்பிடித் துறைகளும் நிறைந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. விமானத் தளத்தை எறிகணை வீச்சிலிருந்து காப்பதற்காக அதைச் சுற்றிய நிலமெல்லாம் வேலிக்குள் அடங்கியது. கேள்வி கேட்ட உங்களுக்கு இந்த ஊர்களில் ஒன்று சொந்த ஊராகவும் இருக்கலாம். பலாலியைப் பற்றி எழுதும் எவரும் ஓடுபாதையின் நீளத்தை மட்டும் பேசிவிட்டு இந்த ஊர்களைக் கடந்துபோகக் கூடாது.

போர்க்காலத்தில் பலாலியில் ஏறுவதும் இறங்குவதும் உயிரைக் கையில் பிடித்துச் செய்யும் காரியம். 1995 ஏப்ரல் இறுதியில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில், விமானப்படையின் இரண்டு அவ்ரோக்கள் பலாலி அருகே ஏவுகணையால் வீழ்த்தப்பட்டன. குடாநாடு அரச படைகளின் கைக்கு வந்தபின் பொதுமக்களுக்கான தனியார் சேவை ஒன்று தொடங்கியது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடியிருந்த காலம். ஒன்று கப்பல், இல்லையென்றால் விமானம். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் நிறுவனத்தின் அன்டனோவ் 24 விமானம் மன்னார்க் கடற்பரப்பில் வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். விமானப் பணியாளர் ஏழு பேரைத் தவிர மற்ற 48 பேரும் சாதாரணப் பயணிகள். விடுதலைப் புலிகளின் ஏவுகணையே காரணம் என்று விசாரணைகள் கூறின. அந்த விமானத்தின் சிதைவுகள் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012இல். பதினான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பங்களுக்கு ஓர் எலும்புத் துண்டுகூட இல்லை. பலாலியின் வரலாற்றில் எனக்கு மிகவும் கனக்கும் பக்கம் இது.

2002இல் போர்நிறுத்தம் வந்ததும் உள்நாட்டுச் சேவை மீண்டும் தொடங்கியது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மூடப்பட்டபோது விமானமும் கப்பலும் மறுபடி ஒரே வழியாயின. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் டிக்கெட் இல்லை. ஒரு மரண வீட்டுக்குப் போகவும் அனுமதிக்காகக் காத்திருந்த காலம் அது.

போர் 2009இல் முடிந்தும் கடல்தாண்டும் சேவை திரும்பப் பத்து ஆண்டுகள் பிடித்தன. 2019 ஜூலையில் வேலை தொடங்கி, ஒக்டோபர் 17ஆம் திகதியே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் நிலையத்தைத் திறந்துவைத்தார்கள். ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்தது. அந்த அவசரம் கட்டடத்தில் தெரிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நவம்பர் 11ஆம் திகதி அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வாரம் மூன்று முறை பறக்கத் தொடங்கியது. நான்கு மாதம் கழித்து, 2020 மார்ச்சில், பெருந்தொற்று எல்லாவற்றையும் நிறுத்தியது. கட்டுநாயக்க திரும்பத் திறந்தபின்னும் பலாலி மூடியே கிடந்தது. 2022 டிசெம்பர் 12ஆம் திகதிதான் சென்னை விமானம் மறுபடி வந்தது. 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி இண்டிகோ சென்னையிலிருந்து தினசரிச் சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச் 30ஆம் திகதி அதே நிறுவனம் திருச்சிச் சேவையையும் தொடங்கியபோது எயார் சிலோன் காலத்துப் பாதைகள் இரண்டும் திரும்பிவிட்டன. தமிழகத்தின் தென்பகுதிக்குச் சென்னை சுற்றிப் போக வேண்டியவர்களுக்குத் திருச்சி விமானம் அரை நாள் பயணத்தை மிச்சப்படுத்துகிறது. என்னைக் கேட்டால், திறப்பு விழாவைவிட முக்கியமான நிகழ்வு இதுதான்.

இனி, ஏன் சிறிய விமானம் என்ற கேள்வி.

வருவது ஏடிஆர் 72 வகை. எழுபது முதல் 78 இருக்கைகள். நீளம் 27 மீற்றர். முழுச் சுமையோடு அதன் எடை 23 டன் அளவு. கிளம்புவதற்கு ஏறத்தாழ 1,300 மீற்றர் ஓடுபாதை போதும். இத்தனை குறுகிய தூரத்துக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டிய பயணத்தில் பெரிய ஜெட் விமானம் உயரத்துக்கு ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். விசிறி விமானம் மிகக் குறைந்த எரிபொருளில் அதே தூரத்தைக் கடக்கும். பாதி இருக்கை காலியாகப் போனாலும் இழப்பு தாங்கக்கூடிய அளவில் இருக்கும். சேவை தினமும் நடக்க அதுதான் காரணம். 180 இருக்கை விமானம் என்றால் வாரம் இரண்டு முறைதான் வரும்.

பயணிகள் அதிகம் கோபப்படுவது பெட்டியின் எடைக்கு. அதற்கும் விடை அந்த விமானத்திலேயே இருக்கிறது. ஏடிஆர் 72 சுமக்கக்கூடிய மொத்தப் பளு ஏறத்தாழ ஏழரை டன். கைப்பையோடு ஒருவருக்குச் சராசரியாக 80 கிலோ என்று வைத்தால் 78 பேருக்கு 6,240 கிலோ ஆகிறது. மிஞ்சுவது 1,260 கிலோ. ஆளுக்குப் பங்கிட்டால் 16 கிலோ. கட்டுநாயக்கவில் இறங்கும் பெரிய விமானத்தில் முப்பது கிலோவுக்குப் பழகியவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியும். இந்தப் பளுவுக்கு மேல் எரிபொருளின் எடையும் இருக்கிறது. இறங்க முடியாமல் போனால் வேறு நிலையத்துக்குப் போகவும், அதற்கு மேல் சிறிது நேரம் வானில் காத்திருக்கவும் தேவையான எரிபொருளை எந்த விமானமும் சுமந்தே வர வேண்டும். வாடைக்கால மழையில் மேகம் தாழ்ந்துவிட்டால் பலாலிக்கு மேலே சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பவும் நேரும். விமானி அப்படித் திரும்பினால் தயவுசெய்து திட்டாதீர்கள்.

விமானம் வந்து நின்றதும் நடப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். பயணிகள் வால்பக்கக் கதவால் இறங்கித் தரையில் நடந்தே கட்டடத்துக்கு வருகிறார்கள். பெட்டிகள் முன்பக்க அறையிலிருந்து இறங்குகின்றன. அந்த ஒரு விமானத்துக்காகக் கோபுரத்தில் கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். தீயணைப்பு வண்டி ஆட்களோடு தயாராக நிற்கிறது. குடிவரவு குடியகல்வு, சுங்கம், சுகாதாரம் என்று ஒவ்வொரு திணைக்களத்துக்கும் அலுவலர் இருக்கிறார். நிலையத்தை நடத்தும் அரச விமான நிலைய நிறுவனத்தின் பணியாளர்கள் வேறு. அருகிலேயே விமானப்படைத் தளமும் இயங்குவதால் இரு தரப்பும் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. நாளுக்கு ஒரு விமானம் வந்தாலும் பத்து வந்தாலும் இந்தச் செலவில் பெரும்பகுதி மாறாது. சிறிய நிலையங்கள் நட்டத்தில் நடப்பது இதனால்தான். நட்டத்தைக் குறைக்க வழி, இதே அளவு விமானத்தை இன்னும் அதிக முறை வரவழைப்பது. மதுரைக்கு ஒரு சேவை, காலையும் மாலையும் சென்னை என்று வந்தால் அதே பணியாளர்களைக் கொண்டே இன்னும் பல பயணிகளை அனுப்பலாம்.

அடுத்த படியான ஏர்பஸ் 320ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையில் 78 டன் அளவு. ஏடிஆரின் மூன்று மடங்குக்கு மேல். ஓடுபாதையின் நீளம் ஈராயிரம் மீற்றரைத் தாண்ட வேண்டும். தார்ப்பரப்பின் தாங்குதிறனை உயர்த்த வேண்டும். விமானத்தின் நீளத்தை வைத்துத் தீயணைப்புத் தரம் வகுக்கப்படுவதால் அதுவும் ஒரு படி ஏற வேண்டும். வண்டியும் நீரும் ஆட்களும் கூட வேண்டும். படையினரின் பெரிய சரக்கு விமானங்கள் பலாலியில் இறங்குகின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. கரடுமுரடான குறுகிய தளங்களுக்கென்றே வடிவமைத்தவை அவை. பொதுமக்களை ஏற்றும் சேவைக்கு விதிக்கப்படும் பாதுகாப்பு இடைவெளி வேறு.

லண்டன் என்றால் இவற்றையும் கடந்த கணக்கு. எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். 240 டன் அளவிலான இரட்டை நடைவழி விமானம், மூன்று கிலோமீற்றரை நெருங்கும் ஓடுபாதை. அதெல்லாம் கிடைத்தாலும் இருக்கைகளை யார் நிரப்புவது? நல்லூர்த் திருவிழாவும் பள்ளி விடுமுறையும் சேரும் ஜூலை, ஓகஸ்டில் நிரம்பும். டிசெம்பரில் நிரம்பும். மார்ச்சிலும் ஒக்டோபரிலும் 250 இருக்கையை நிரப்ப யாழ்ப்பாணத்தில் அத்தனை வணிகப் பயணிகள் இல்லை. எந்த நிறுவனமும் ஆண்டுக்கு மூன்று மாத வருமானத்தை நம்பி வராது.

ஓடுபாதையை நீட்டுவது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு நிலம்தான் முன்னால் வருகிறது. 2013இல் வலிகாமம் வடக்கில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2017இல் மயிலிட்டித் துறை விடுவிக்கப்பட்டது. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் பிரதான வீதி 2025 ஏப்ரலில்தான், அதுவும் கட்டுப்பாடுகளோடு, திறக்கப்பட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்தும் காணி திரும்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'சர்வதேச விமான நிலைய விரிவாக்கம்' என்ற சொல் அவர்கள் காதில் இன்னொரு சுவீகரிப்பாகவே விழும். விமானப் போக்குவரத்துக்கு உண்மையில் எவ்வளவு நிலம் வேண்டும் என்று அளந்து, வரைபடத்தை வெளியிட்டு, மற்றதைக் கொடுத்துவிட்டு, எடுப்பதற்கு நியாயமான விலை கொடுத்தபின் நீட்டுவதைப் பற்றிப் பேசலாம். அந்த ஒழுங்கு மாறினால் நான் விரிவாக்கத்தை எதிர்ப்பேன், அதனால் எனக்குப் பயணம் எத்தனை மணி நேரம் கூடினாலும் சரி.

இப்போது இருப்பதை வைத்தே நீங்கள் ஊருக்கு வரலாம். லண்டனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருக்கிறது. சென்னையிலிருந்து பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம். கட்டுநாயக்கவில் இறங்கி 350 கிலோமீற்றருக்கு மேல் வீதியில் வருவதைவிட முதியவர்களுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் டிக்கெட் எடுக்கும்முன் மூன்று விடயங்களை விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னையில் மாறும்போது உங்கள் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா வேண்டுமா? பெட்டிகள் நேரே பலாலிவரை வருமா, அல்லது சென்னையில் எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டுமா? இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா? தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பு உங்களுடையது. எடையைப் பொறுத்தவரை, பலாலி விமானத்தின் அளவையே கணக்கில் எடுங்கள். நவம்பர், டிசெம்பரில் வருவதானால் சென்னையில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள்.